ஒட்டகக்காரன் வாயால் கேட்ட சேதி

அவனைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னவர்களை நான் ராயபுரத்தில் பார்த்ததில்லை. காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டை வரை யாரைக் கேட்டாலும் தங்கமான பையன் என்பார்கள். அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இத்தனை வருஷம் கழித்தும் யாராவது அவன் பேரை எடுத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பேரை எழுதவும் பிடிக்கவில்லை. அவன் என்றே இருக்கட்டும்.

பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் அவனும் நானும் ஃபிட்டர்கள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரே மாதா கோயில், ஒரே பூசை. ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான். எண்ணெயும் கரியுமாக வேலை செய்துவிட்டு வெளியே வரும்போதுகூட இப்போதுதான் குளித்தவன் மாதிரி இருப்பான். சிரித்தால் எதிராளிக்கும் சிரிப்பு வரும். குழந்தைகள், கிழவிகள், ஃபோர்மேன், தெரு நாய் எல்லோருக்கும் அவன் வேண்டியவன்.

கோளாறு ஒன்றே ஒன்றுதான். கசப்பான சேதி எதையும் தன் வாயால் சொல்ல மாட்டான். 'முடியாது', 'இல்லை', 'வேண்டாம்' இந்த மூன்றும் அவன் நாக்கில் புரண்டு நான் கேட்டதில்லை. சொல்லியாக வேண்டிய நேரம் வந்தால் அதற்கென்று இன்னொரு வாயைத் தேடுவான். பெரும்பாலும் அது என் வாய்தான். தோளில் கை போடுவான், பிடரியை மெதுவாகத் தேய்த்துவிடுவான். "மாமு, நீ சொன்னா எடுப்பா இருக்கும்" என்பான். நானும் மடையன் மாதிரி போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

இந்தக் குணத்தில்தான் கடைசியில் என் தங்கை ஜெசிந்தாவின் கல்யாணம் மாட்டிக்கொண்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஆளைக் கொஞ்சம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நான்தான் பொறாமை பிடித்தவன் என்பீர்கள். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னவர்களும் உண்டு.

டீக்கடையில் அவன் டம்ளரில் ஈ விழுந்திருக்கும். கடைக்காரர் "டீ எப்டி கீது நைனா?" என்று கேட்பார். "சூப்பரா கீதுண்ணே" என்பான். சொல்லிவிட்டு டம்ளரை என் பக்கம் நகர்த்துவான். "மாமு, ஈ வுழுந்துகீது. நீ சொல்லேன்." நான் சத்தம் போடுவேன். கடைக்காரர் முகம் சுண்டிப்போகும். வேறு டீ வரும். அதை அவன் குடிப்பான். கடைக்காரருக்கு அவன் நல்ல பையன், நான் வம்புக்காரன்.

இது ஈ விஷயம், போகட்டும். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கோயில் வளாகத்தில் நாடகம் போட்டோம். ஆள் சேர்க்கும் பொறுப்பு அவனுக்கு. ஏரோது ராஜா வேஷத்துக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் வந்து கேட்டார். "நீங்கதாண்ணே ராஜா" என்றான். மறுநாள் மீன் ஏலம் விடும் ஒரு பெரியவர் வந்து கேட்டார். அவரிடமும் "உங்கள வுட்டா ராஜாவுக்கு யாரு பெரியப்பா?" என்றான். நாடகத்தன்று இரண்டு பேரும் சொந்தச் செலவில் சரிகை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு, மீசை ஒட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு கிரீடத்தோடு மேடைக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பெத்லகேமில் ஒரே சமயத்தில் இரண்டு ஏரோது. நான் திரும்பிப் பார்க்கிறேன், அவனைக் காணவில்லை. மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான். மீன் ஏலக்காரர் தலையிலிருந்து கிரீடத்தைக் கழற்றியவன் நான். அந்த மனிதர் சாகும்வரை என்னோடு பேசவில்லை. அவனுக்கு மட்டும் வலை வந்து இறங்கும்போதெல்லாம் நல்ல மீனாகப் பார்த்துக் கொடுத்து அனுப்புவார்.

இதையும் விடலாம். எங்களோடு வேலை செய்த ஒருவருக்கு ஷெட்டிலேயே மார்வலி வந்து, ஆஸ்பத்திரி போகும் வழியில் உயிர் போய்விட்டது. வீடு புதுவண்ணாரப்பேட்டையில். சம்சாரத்துக்குச் சொல்ல வேண்டும். "நான் போய்ச் சொல்றேன் சார்" என்று ஃபோர்மேனிடம் அவனே முன்வந்தான். எல்லோருக்கும் கண் கலங்கியது. இரண்டு பேரும் சைக்கிளில் போனோம். தெருமுனை வந்ததும் இறங்கினான். "மாமு, செயின் கழண்டுகிச்சி, நீ முன்னால போ" என்று குனிந்தான். நான் பார்த்தேன். செயின் அதன் இடத்தில்தான் இருந்தது. அந்தப் பெண் கையில் அரிசி முறத்தோடு வாசலுக்கு வந்து "இன்னாண்ணா இந்த நேரத்துல?" என்று கேட்டாள். என் வாயால் சொன்னேன். அவள் போட்ட கூச்சல் என் முகத்தின்மேல்தான் விழுந்தது. எல்லாம் முடிந்த பிறகு அவன் வந்தான். குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டான், பாடை கட்டினான், மூன்று நாள் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. அந்தம்மா இன்றும் அவனைத் தன் தம்பி என்றுதான் சொல்கிறாள். என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறாள்.

நாளாக நாளாக நான் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் "யாருக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ராயபுரத்தின் துக்கத் தந்தி நான்தான். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் அவன்.

இப்போது ஜெசிக்கு வருகிறேன். அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. அப்பா இல்லை. அவளைக் கரையேற்றுவது என் பொறுப்பு. அவன் எங்கள் வீட்டுக்கு வராத நாள் கிடையாது. அம்மாவுக்கு அவன்மேல் கண்.

ஒரு மழை நாள் சாயங்காலம். காரப்பொடி மீன் குழம்பு. அம்மா பரிமாறிக்கொண்டே, "நைனா, எங்க ஜெசிய நீயே கட்டிக்கிறியா?" என்று கேட்டுவிட்டாள். உள்ளே ஜெசி கையிலிருந்த கரண்டி நின்றது. எனக்குக் கேட்டது. அவன் வாய் நிறையச் சோறு. சிரித்தான். தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு என்று சைகை காட்டினான். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பெண்ணைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டால் குழம்பு கேட்கிறவனை வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அவன் அம்மா தாம்பூலத்தோடு வந்தாள். நிச்சயம் நடந்தது. ஜெசி அதற்கப்புறம் வேலைக்குப் போகும்போது ரிப்பன் மாற்றிக் கட்ட ஆரம்பித்தாள். வீட்டில் ஒருநாளும் பாடாதவள், பாத்திரம் கழுவும்போது பாடினாள்.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி படிப்பார். மூன்றாவது ஓலை முடிந்துவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரிதான். இடையில் நின்றுபோனால் பெண்ணுக்குத்தான் கேடு. என்ன குறையோ, என்ன நடத்தையோ என்று பேசுவார்கள். பையனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அதுவும் இவனைப் பற்றியா?

தவக்காலம் ஆரம்பிக்கும் முன் கல்யாணம் வைத்திருந்தோம். முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் ரயில் ஏறினோம். ரயில்வேக்காரனுக்கு வருஷத்துக்கு இலவச பாஸ் உண்டு. அதை வைத்துக்கொண்டு நாங்கள் ஒவ்வொரு வருஷமும் இந்தியாவின் ஒரு மூலைக்குப் போய்விட்டு வருவோம். அந்த வருஷம் சலூனில் தொங்கிய காலண்டரில் மணல்மேட்டில் ஒட்டகம் நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு அவன் பிடிவாதம் பிடித்தான். "மாமு, ஒரு ராத்திரி பாலைவனத்துல ஒட்டகத்து மேல. கல்யாணத்துக்கப்பால எங்க போவப் போறோம்?" கல்யாண வேலையை வைத்துக்கொண்டு என்னடா ஊர் சுற்றல் என்று அம்மா கத்தினாள். "மூணாவது ஓலைக்குள்ள வந்துடுவோம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா முறுக்கு சுட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

டெல்லி, ஜோத்பூர் என்று ரயில் மாறி மாறி ஜெய்சல்மேர் போய் இறங்கியபோது என் பல்லெல்லாம் மணல். கடற்கரை மணலில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் அந்த மணல் வேறு. அலை இல்லாத மணல் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கடைத்தெருவில் விசாரித்து ஒரு ஒட்டகக்காரனைப் பிடித்தான். சிவப்புத் தலைப்பாகை, வெயிலில் வெந்த முகம், எங்கள் வயதுதான் இருக்கும். இரண்டு ஒட்டகம். ஷெட்டில் ஒரு பாயிடம் நாங்கள் கற்றுக்கொண்ட உடைந்த இந்துஸ்தானியில் பேசிக்கொண்டோம்.

ஒட்டகம் எழுந்திருக்கும்போது முதலில் பின்னங்காலைத்தான் தூக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. குப்புற விழப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவன் தன் ஒட்டகத்தின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து சிரித்தான். ஒட்டகக்காரனும் சிரித்தான். அரை நாளுக்குள் அவர்கள் இரண்டு பேரும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒட்டகக்காரன் பீடியை அவன் குடித்தான், எங்கள் அம்மா சுட்ட முறுக்கை ஒட்டகக்காரன் தின்றான். வழியில் ஒரு குடிசை வாசலில் நின்று ஆட்டுப் பால் டீ குடித்தோம். அந்த வீட்டுக் குழந்தைகள் அவன் ஒட்டகத்தின் பின்னாலேயே வெகுதூரம் ஓடி வந்தன. எனக்குத் தொடை தோலுரிந்து எரிந்தது.

பொழுது சாயும்போது மணல்மேடுகளுக்கு நடுவில் இறங்கினோம். ஒட்டகக்காரன் முள் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, கம்பு ரொட்டி தட்டிச் சுட்டான். மிளகாயைக் கல்லில் வைத்து நசுக்கித் தந்தான். பனி இறங்கியது. அப்படி ஒரு குளிர் நான் அறிந்ததில்லை. அவன் தன் கம்பளியையும் எடுத்து என்மேல் போர்த்தினான். "மாமு" என்றான்.

"இன்னா?"

"எவ்ளோ நட்சத்திரம் பாரு."

நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "மாமு" என்றான். இந்தத் தடவை ஒட்டகம் அசை போடுகிற சத்தத்தைக் கேட்கச் சொன்னான். இப்படி நாலைந்து தடவை. கல்யாண வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன் நான். முட்டாள். பேண்டு வாத்தியம் யாரிடம் சொல்லியிருக்கிறேன், பிரியாணிக்கு எந்த பாய் வருகிறார், ஜெசிக்கு எந்தக் கலரில் புடவை எடுத்திருக்கிறோம் என்று நான் அவனுக்கு அந்த மணலில் படுத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "நல்லா கீது மாமு, நல்லா கீது" என்றான். புடவைக் கலர்கூட நல்லா கீது என்றான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது.

காலையில் எழுந்தபோது அவன் பக்கத்தில் இல்லை. ஒட்டகக்காரன் டீயோடு வந்து எதிரில் குந்தினான். என் முகத்தைப் பார்க்காமல் தீயைக் கிளறினான். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். உன் தோஸ்துக்கு உன் தங்கையைக் கட்டிக்கொள்ள மனசில்லையாம். ஊருக்குப் போனதும் உன் வீட்டில் நீயே சொல்லிவிட வேண்டுமாம். உன்னிடம் என்னைச் சொல்லச் சொன்னான்.

ஷாதி, பஹன், நஹி: கல்யாணம், தங்கை, இல்லை. இந்த மூன்று சொல்லும் எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் திரும்பக் கேட்டேன். ஒட்டகக்காரன் திரும்பச் சொன்னான். சொல்லிவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டான். "எனக்கும் பஹன் இருக்கிறாள்" என்றான். ஊர் பேர் தெரியாத அந்த ஆளுக்கு இருந்த கூச்சத்தில் கால்வாசி இவனுக்கு இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அதே நேரத்தில் ராயபுரத்தில் இரண்டாவது ஓலையை வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

அவன் ஒட்டகத்துக்குப் பின்னால் நின்று சேணக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னாடா சொல்றான் இவன்?"

"கோச்சிக்காத மாமு."

"ஜெசியக் கட்டிக்கிறியா இல்லியா?"

"ஜெசி தங்கமான பொண்ணு மாமு."

"அது எனக்குத் தெர்யும், என் வூட்ல பொறந்தவ. கட்டிக்கிறியா இல்லியா, அதச் சொல்லு."

"அம்மாகிட்ட நீ பக்குவமா எடுத்துச் சொன்னீனா..."

"எத எடுத்துச் சொல்லணும்? அத உன் வாயால ஒரு தபா சொல்லுடா."

அவன் குனிந்து மணலைப் பார்த்தான்.

"வேற பொண்ணு எதுனா கீதா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"அப்பறம் எதுக்குடா பேமானி ஓலை வாசிக்கவுட்ட?"

"உங்கம்மா சோறு போட்டுகினே கேட்டாங்க மாமு. அவங்க மூஞ்சப் பாத்து நான் எப்டி..."

அறைந்தேன். ஒட்டகம் மிரண்டு எழுந்தது. அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "உன் கை வலிக்கப் போவுது மாமு" என்றான்.

"கேட்டுக்கோ" என்றேன். "இத நான் சுமக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ வந்து எங்க வூட்ல குந்திகினு, ஜெசி மூஞ்சப் பாத்து உன் வாயால சொல்ற. சாமியார்கிட்ட நீ சொல்ற. உங்கம்மாகிட்ட நீ சொல்ற. நான் சொன்னா பொண்ணு வூட்டுக்காரன் ஒடச்சான்னு ஆவும். என் தங்கச்சி பேரு நாறும். நீ நல்லவனாவே இருந்துடுவ. அது நடக்காது."

திரும்பும் வழியெல்லாம் நான் அவனோடு பேசவில்லை. ரயிலில் அவன் ஆரஞ்சு வாங்கி உரித்துப் பெட்டியில் எல்லோருக்கும் கொடுத்தான். ஒரு பஞ்சாபிக் கிழவருக்குக் கால் பிடித்துவிட்டான். சென்ட்ரலில் இறங்கும்போது அந்தப் பெட்டியே அவனை வழியனுப்பியது.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வரச் சொல்லியிருந்தேன். அம்மா பத்திரிகை வைக்கத் திருவொற்றியூர் போயிருந்தாள். ஜெசி டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் ஒட்டகத்தைப் பற்றிப் பேசினான். குளிரைப் பற்றிப் பேசினான். டீயைப் புகழ்ந்தான். என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஜெசி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு அப்பால எந்த வூட்ல குடித்தனம்?" என்று அவனிடம் நேராகக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை.

"உனக்கு எங்க புடிக்குதோ அங்க" என்றான். சிரித்தான். எழுந்து போய்விட்டான்.

ஜெசி டம்ளரை எடுத்தாள். "அண்ணா, அந்தாளு எதையோ சொல்ல வந்துட்டுச் சொல்லாம போறாரு."

"அவனையே கேளு."

"கேட்டனே, நீயும் பாத்துகினுதான இருந்த. எதக் கேட்டாலும் வெல்லப்பாகு மாறி பதில் சொல்றாரு." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "அவருக்கு இஷ்டம் இல்லியா?"

நான் கட்டிய கையைப் பிரிக்காமல் நின்றேன்.

"சரி" என்றாள். "நீ பேசாம நிக்கறத நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அழவும் இல்லை. இராத்திரி முழுக்க நான் புரண்டுகொண்டிருந்தேன். காலையில் பூசைக்கு முன்னால் அவனே போய்ச் சாமியாரிடம் சொல்லிவிடுவான் என்று ஒரு பக்கம் நினைத்தேன். சொல்ல மாட்டான் என்று இன்னொரு பக்கம் தோன்றியது. சொல்லாவிட்டால் பூசை முடிந்ததும் அவன் பிடரியைப் பிடித்துச் சாமியார் அறைக்கு இழுத்துப் போவது என்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் கோயிலில் கல்யாணப் பெண் தன் ஓலை வாசிக்கிற பூசைக்கு வர மாட்டாள். வெட்கம். விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வீட்டில் இருப்பாள். முதல் இரண்டு ஓலைக்கும் ஜெசி அப்படித்தான் இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசைக்கு, முக்காடு போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கம் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கம் அவன் எனக்கு முன் வரிசையில் இருந்தான். தும்பைப் பூ மாதிரி வெள்ளைச் சட்டை.

பிரசங்கம் முடிந்தது. சாமியார் தாளை எடுத்தார். மூன்றாவது ஓலை. அவன் பேர், அவன் அப்பா பேர், ஜெசி பேர், எங்கள் அப்பா பேர். தடை ஏதாவது அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். எத்தனையோ வருஷமாக இந்த வரியைக் கேட்கிறோம். அது ஒரு கேள்வி என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

ஜெசி எழுந்து நின்றாள்.

"தடை கீது சாமி."

அம்மா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "பூசை நடுவுல இப்படிப் பேசக்கூடாதும்மா. முடிஞ்சதும் அறைக்கு வா."

"முடிஞ்சா எல்லாரும் வூட்டுக்குப் போய்டுவாங்க சாமி. ஓலை எல்லார் காதுலயும் வுழுந்துச்சி. இதுவும் எல்லார் காதுலயும் வுழட்டும். அவருக்கு என்னைக் கட்டிக்க இஷ்டம் இல்ல. நான் சொல்றது பொய்யின்னா அவரு எழுந்து பொய்யின்னு சொல்லட்டும். நான் குந்திக்கறேன்."

மொத்தக் கோயிலும் அவன் பக்கம் திரும்பியது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அந்தப் பார்வைக்குத்தான் நான் ஓடியிருக்கிறேன். அன்று அசையவில்லை. அவன் கண்ணையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மெதுவாக எழுந்தான். வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான்.

"உண்மைதானா?" என்றார் சாமியார்.

"உண்மைதான் சாமி."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். உடனே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு "ஐயோ பாவம்" எழுந்தது. ஒன்று இல்லை, பத்து. அவனுக்கு! என் தங்கை அத்தனை பேர் நடுவில் தனியாக நின்றுகொண்டிருக்கிறாள், இவர்கள் அவனுக்கு ஐயோ பாவம் சொல்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் பெஞ்சைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஜெசி முக்காட்டைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள். சாமியார் தாளை மடித்தார். விசுவாசப் பிரமாணத்தை ஆரம்பித்தார். எல்லோரும் எழுந்து நின்று சொன்னோம். ஜெசியின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.

பூசை முடிந்ததும் வாசலில் அவனைச் சுற்றி ஒரு கூட்டம். ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒருவர் சோடா வாங்கி வந்தார். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னான் பார், மனசில் வஞ்சகம் இல்லாத பையன் என்றார்கள். எங்கள் பக்கம் யாரும் வரவில்லை. பொம்பளைக்கு இவ்வளவு வாயா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். நானும் ஜெசியும் பின்னால்.

கோயில் கேட் அருகே எங்கள் தெருவில் எல்லோருக்கும் பெரியம்மாவான ஒரு அம்மாள் ஜெசியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். நல்ல மனுஷிதான். அவள் கண்ணிலும் தண்ணீர்.

"ஏண்டி இப்டிப் பண்ண? நீ வாயப் பொத்திகினு குந்தியிருந்தீனா அந்தப் புள்ள ஒன்னியும் சொல்லியிருக்க மாட்டான்டி. கல்யாணம் நடந்திருக்கும்."

ஜெசி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"நடந்திருக்கும் பெரிம்மா" என்றாள். "அதுக்குத்தான் எந்திரிச்சேன்."